பிள்ளைகளின் நீர்க்கடுப்பும் பெரியவர்களின் வெட்கமும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

நம் கல்லூரி ஆண்டு மலரின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். இதயத்தைப் பற்றிப் பதினோரு கவிதைகள் உள்ளன. கண்ணைப் பற்றியும் கண்ணீரைப் பற்றியும் எண்ண முடியவில்லை. சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கவிஞர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓர் உறுப்பு வாயால் சொல்லத் தகாததாகிவிட்டால், அந்த உறுப்பில் வரும் நோயும் சொல்லத் தகாததாகிவிடுகிறது. அதைச் சுமப்பவர் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தால், அந்தக் குழந்தைக்காகப் பேச எவருமில்லை.

குழந்தைகளின் சிறுநீர் உறுப்புகளில் வரும் நோய்களில் பெரும்பாலானவை கண்டறியக் கடினமானவையல்ல. பலவற்றிற்கு ஒரு குப்பிச் சிறுநீரும், ஒரு ஸ்கேனும், பொறுமையாகக் கேட்கும் ஒரு மருத்துவரும் போதும். அப்படியிருந்தும் அவை காலங்கடந்தே கண்டுபிடிக்கப்படுகின்றன. கருவிகள் இல்லாதது இதற்குக் காரணமன்று. வீட்டிலும் பள்ளியிலும் நாம் வாய் திறவாததே காரணம். இது என் கருத்து. இதை மறுப்போர் மறுக்கலாம். ஆனால் இறுதிவரை படித்துவிட்டு மறுக்குமாறு வேண்டுகிறேன்.

நாம் அறியாதவர்களும் அல்லர். மண்புழுவின் நெஃப்ரீடியாவை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் என் வகுப்பில் முப்பது பேர் வரைவார்கள். தவளையின் சிறுநீரகம், மீனின் சிறுநீரகம், பறவை ஏன் யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். தாயின் வயிற்றில் இருக்கும் சிசு மூன்றாம் மாதவாக்கிலேயே சிறுநீரைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. பிற்பாதிக் கருக்காலத்தில் பனிக்குட நீரின் பெரும்பகுதி சிசுவின் சிறுநீரே. நாம் ஒவ்வொருவரும் அந்த நீரில் மிதந்தே உலகிற்கு வந்தோம். பிறந்த பின்புதான் நமக்கு அதன்மீது இத்தனை அருவருப்பு!

நம் முன்னோருக்கு இந்த அருவருப்பு இருந்ததாகத் தெரியவில்லை. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று ஒரு தேர்வு முறையே உண்டு. தேரையர் பெயரால் அதற்கு நூலும் வழங்குகிறது. நோயாளியின் சிறுநீரை ஏந்தி அதன் நிறம், மணம், நுரை, எடை, படிவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஒரு துளி எண்ணெயை விட்டு அது பரவும் விதத்தைக் கவனிப்பார்கள். அம்முறையின் முடிவுகளை இன்றைய அறிவியல் ஒப்புகிறதா என்பது வேறு கேள்வி. சிறுநீரைக் கையிலேந்திப் பார்க்க வைத்தியர் கூசவில்லை என்பதே இங்கு எனக்கு வேண்டும். சுசுருதர் தம் நூலில் மூத்திரப்பைக் கல்லைப் பற்றி விரிவாகக் கூறி, அது பெரும்பாலும் சிறுவர்களுக்கே வருகிறது என்றும் குறித்தார்.

அந்தக் கல் விஷயத்தில் நம் நீலகிரிக்கும் ஒரு பங்கு உண்டு. இது நம்மில் பலர் அறியாதது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர் உணவைப் பற்றி ஆராய்ந்து வந்தார். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அந்தக் குன்னூர் ஆய்வகமே. அது 1958இல் இடம் மாறியது. அக்காலத்தில் வடமேற்கு இந்தியாவில் சிறுவர்களின் மூத்திரப்பையில் கல் உண்டாவது மிகுதி. மெக்கரிசன் எலிகளுக்குத் தானியம் மிகுந்த, சத்துக் குறைந்த உணவைக் கொடுத்தார். எலிகளின் மூத்திரப்பையில் கற்கள் தோன்றின. அதே உணவோடு பாலைச் சேர்த்தபோது கற்கள் தோன்றாமல் காத்தன. 1931இல் இம்முடிவுகளைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். இங்கிலாந்திலும் நார்ஃபோக் பகுதியில் ஏழைச் சிறுவர்களுக்கு இதே கல் வந்தது. உணவு செழித்ததும் அது மறைந்தது. பாலின்றி வெறும் தானியக் கஞ்சியில் வளர்ந்த பிள்ளையின் வறுமை மூத்திரப்பையில் கல்லாக உறைந்தது என்பதை எண்ணும்போது, இந்நோய்களை மருத்துவர்களின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு நாம் ஒதுங்க முடியாது என்று தோன்றுகிறது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. என்ன காய்ச்சல் இது? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காரணம் புலப்படாத காய்ச்சல் வந்தால் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட விதி. ஏனெனில் அந்த வயதில் குழந்தை ‘எரிகிறது’ என்று சொல்லாது. அழும், பாலைத் துப்பும், எடை ஏறாமல் நிற்கும். ஏழு வயதிற்குள் பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கும், ஆண் குழந்தைகளில் இருவருக்கும் ஒருமுறையாவது சிறுநீர்த் தொற்று வருகிறது என்கிறார்கள். பெண் குழந்தையின் சிறுநீர் வெளியேறும் வழி மிகக் குறுகியது. மலவாயிலுக்கும் அருகில் அமைந்தது. காரணம் உடலமைப்பே, வேறு எந்தக் குற்றமும் இல்லை.

கிருமியும் நமக்குப் பழக்கமானதே. எஷரிச்சியா கோலை என்று நுண்ணுயிரியல் தாளில் எழுதுகிறோமே, அதைத் தியடோர் எஷரிச் என்பவர் 1885இல் கண்டறிந்தார். அவர் ஒரு குழந்தை மருத்துவர்; பச்சிளங்குழந்தைகளின் மலத்தில்தான் அதைக் கண்டார். பத்துத் தொற்றுகளில் எட்டு ஒன்பதுக்கு அதுவே காரணம். நல்ல ஊடகத்தில் அது 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பது நாம் படித்த கணக்கு. நான்கு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும். சிறுநீர்ப்பைக்குள் இத்தனை விரைவு இராது. எனினும் அடிக்கடி நீரை வெளியேற்றிக் கழுவிவிடுவது ஏன் நல்லது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேறு வேண்டியதில்லை.

சிறுநீரைப் பிடிப்பதில்தான் தொல்லை. தோலோடு பையை ஒட்டிப் பிடித்தால் தோலிலுள்ள கிருமிகளும் சேர்ந்துவிடும். நோயில்லாத குழந்தைக்கும் நோய் என்று முடிவு வரும். ஆகவே நடுப்பகுதி நீரைச் சுத்தமான குப்பியில் பிடிக்கச் சொல்கிறார்கள். முடியாதபோது மெல்லிய குழாய் வைத்து எடுக்கிறார்கள். 2017இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஓர் எளிய வழியைச் சோதித்தார்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் குழந்தையின் அடிவயிற்றை மெல்லத் தேய்த்தார்கள். ஐந்து நிமிடத்திற்குள் நூற்றுக்கு முப்பத்தொரு குழந்தைகள் நீர் விட்டன. தேய்க்காதவர்களில் பன்னிரண்டு பேரே விட்டனர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் அப்பத்தாக்கள் நீட்டிய கால்களின்மேல் பிள்ளையை உட்காரவைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒலியெழுப்பிக் காரியத்தை முடித்துவிடுகிறார்களே! அந்த ஒலியையும் யாராவது முறைப்படி சோதித்தால் நன்று.

மாதிரியை மருந்து கொடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். மருந்துக் கடையில் இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் சோதனைக்குப் போனால் கிருமி வளராது. நோய் இல்லை என்று தாள் வரும். கிருமி ஒளிந்திருக்கும். அரைகுறை மருந்தை உண்டு அது பழகியும் போகும்.

இவற்றையெல்லாம் நான் நூலகத்தில் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தங்கை. என் தந்தை சந்தையில் மூட்டை சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் சீட்டு எதுவானாலும், மின்கட்டணமோ மருத்துவமனைத் தாளோ, என் கையில்தான் வரும். தங்கைக்கு எட்டு வயதில் ஓராண்டுக்குள் மூன்று முறை காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் மாத்திரையில் அடங்கியது. ‘உடம்புச் சூடு’ என்றார் அப்பத்தா. கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். நான்காம் முறை உடல் தூக்கிப் போட நடுங்கியது. அரசு மருத்துவமனையில் ஓர் அம்மையார், இளம் மருத்துவர், தங்கையிடம் குனிந்து, “ஒன்னுக்குப் போறப்ப எரியுதா பாப்பா?” என்று கேட்டார். என் தாய் திரும்பி, “தம்பி, நீ செத்த வெளியே இருய்யா” என்றார். கழிவு மண்டலத்தைப் பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதியவன் நான். என் தங்கைக்கு ஆறு மாதமாக எரிச்சல் இருந்தது என்பதைக் கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்டேன். அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் முன்பே தெரியும். ஆண்பிள்ளையிடம் சொல்லக்கூடாது, கடைக்காரரிடம் சொல்லக்கூடாது, முதலில் பார்த்த மருத்துவரும் ஆண் என்பதால் அவரிடமும் சொல்லவில்லை.

ஸ்கேன் தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் இருந்தன. வலது சிறுநீரகம் சற்றே வீங்கியிருக்கிறது என்பது பொருள். பெருநகர மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். சிறுநீர்ப்பையில் மருந்தை நிரப்பி, நீர் விடும்போதே எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். பையிலிருந்து நீர் கீழே இறங்க வேண்டியிருக்க, ஒரு பகுதி மேல்நோக்கிச் சிறுநீரகத்தை நோக்கி ஏறுவது தெரிந்தது. பின்னோட்டம் என்று நான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். “வாய்க்கால்ல மடை சரியில்லன்னா தண்ணி எதுத்து ஏறுமே, அது மாதிரியா?” என்று கேட்டார். அதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. அறுவை வேண்டியதில்லை என்றார்கள். நிறையத் தண்ணீர், இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை நீர் கழித்தல், மலச்சிக்கலுக்கு மருந்து. ஒன்றரை ஆண்டாயிற்று, காய்ச்சல் திரும்பவில்லை.

இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை! சொல்வது எளிது. அவள் படித்த பள்ளியில் ஏறத்தாழ நூற்றெண்பது பெண்பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் பூட்டுத் தொங்கியது. மற்றொன்றில் தண்ணீர் இல்லை. ஆகவே பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால்தானே போக வேண்டும்? குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் இத்தனை மில்லி லிட்டர் என்று வரும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 240. ஒரு டம்ளர் அளவுதான். அந்த ஒரு டம்ளரைக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை இறுக்கிப் பிடித்துப் பழகிய தசை, விடவேண்டிய நேரத்திலும் முழுவதும் விடாது. மிச்சம் நிற்கும். மிச்சத்தில் கிருமி வளரும். மலத்தையும் அடக்குவதால் குடல் பருத்துப் பையை நெருக்கும். இது நோயா, நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்த பழக்கமா?

எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்திற்குள் குடிநீரும் கழிப்பறையும் அமைக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2012 அக்டோபரில் ஆணையிட்டது. அதன்பின் பல ஊர்களில் கட்டடங்கள் எழுந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் கட்டடம் வேறு, கழிப்பறை வேறு. தண்ணீரும், தாழ்ப்பாளும், கூட்டுவதற்கு ஆளும் இருந்தால்தான் அது கழிப்பறை. 2019இல் கேரளப் பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணியடிக்கத் தொடங்கினார்கள். போற்றத்தக்க செயல். ஆனால் குடிக்க மணியடித்துவிட்டு, வெளியே போகக் கைதூக்கினால் “உட்கார்” என்று சொல்லும் வகுப்பறையில் அந்த மணியால் என்ன பயன்? ஒரே குழாயின் இரு முனைகள் அவை. ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர். நாளை உங்கள் வகுப்பில் ஒரு விரல் உயரும்போது அது ஏமாற்று என்றே தோன்றும். பத்தில் ஒன்பது முறை ஏமாற்றாகவே இருக்கட்டும். பத்தாவது பிள்ளைக்காக விட்டுவிடுங்கள்.

படுக்கையை நனைக்கும் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே கேலிக்காகத்தான். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் இரவில் நனைக்கிறார்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஆறு பேர்! அவர்களில் ஆண்டுதோறும் ஏழில் ஒருவருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. தாய் தந்தை இருவருக்கும் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 77. ஒருவருக்கு இருந்திருந்தால் 44. இருவருக்கும் இல்லையென்றால் 15. ஆகவே பிள்ளையை அடிக்கக் கையோங்கும் தந்தை, முதலில் தம் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓங்குவது நல்லது.

காரணங்கள் தெளிவாக ஆராயப்பட்டுள்ளன. இரவில் சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் சிலருக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குப் பை சிறியது. பை நிறைந்த செய்தி உறங்கும் மூளையை எழுப்புவதில்லை. இவற்றில் எதையும் பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் நம் ஊர்களில் நடப்பது என்ன? ஈரப் பாயைத் தலையில் சுமக்க வைத்துத் தெருவில் நிறுத்துகிறோம். தாயத்துக் கட்டுகிறோம். சூடு வைத்த வீடுகளும் உண்டு. 1938இலேயே அமெரிக்காவில் மௌரர் என்னும் உளவியலாளத் தம்பதியர், நனைந்தவுடன் மணியடிக்கும் விரிப்பைக் கொண்டு பிள்ளைகளைப் பழக்கிக் காட்டினார்கள். இன்றும் அந்த மணியே சிறந்த மருத்துவங்களில் ஒன்று; ஹார்மோனுக்கு ஈடான டெஸ்மோபிரெசின் மாத்திரையும் உண்டு. இவை தேவைப்படாத பிள்ளைகளே மிகுதி; மாலைக்குமேல் தண்ணீரைக் குறைத்து, பகலில் நன்கு குடிக்கவைத்து, மலச்சிக்கலைத் தீர்த்து, காத்திருந்தால் போதும். ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மீண்டும் நனைத்தால் மட்டும் பார்க்க வேண்டும். தொற்றோ, சர்க்கரை நோயோ, மனத்தை வருத்தும் ஏதோ ஒன்றோ இருக்கக்கூடும்.

ஆண் குழந்தைகளின் நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் விட்டுவிட மாட்டேன். நீர் கழிக்கும்போது தாரை பாய்கிறதா, சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று எத்தனை தாய்மார் கவனிக்கிறார்கள்? பிறவியிலேயே வெளியேறும் வழியில் ஒரு சவ்வு மடிந்து தடுப்பதுண்டு. ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது. பல ஆயிரங்களில் ஒருவருக்கு வருவது. தடுப்புக்கு எதிராகத் தள்ளித் தள்ளிப் பை தடிக்கிறது. அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்கள் கெடுகின்றன. கருவிலேயே ஸ்கேனில் ஐயம் தோன்றும். இல்லாவிடில் பிறந்தபின் தாரையைப் பார்த்தே அறியலாம். உள்நோக்கிக் கருவியை நுழைத்து அந்தச் சவ்வை வெட்டிவிடும் அறுவை சிறியதே. காலம் கடந்தால் இழந்த சிறுநீரகம் திரும்பாது.

விதை இறங்காத நிலை இன்னொன்று. உரிய மாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூவருக்கும், குறைமாதக் குழந்தைகளில் முப்பது பேருக்கும் விதை பைக்குள் இறங்கியிராது. பலருக்கு முதல் சில மாதங்களில் தானே இறங்கும். ஆறு மாதத்திற்குப் பின் இறங்குவது அரிது. ஆகவே ஒன்றரை வயதிற்குள் அறுவை செய்து இறக்கிவிட வேண்டும் என்பது இன்றைய மருத்துவம். ‘பெரியவனானால் சரியாகும்’ என்று பள்ளி செல்லும் வயது வரை காத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன். யானைக்கு விதைகள் ஆயுள் முழுவதும் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன, அதற்குக் குறையில்லை. மனிதனுக்கு உடலின் உள்வெப்பம் ஆகாது. பின்னாளில் பிள்ளைப்பேறு குறையவும், புற்றுநோய் தோன்றவும் வழியாகிறது. நீர்த்துளை நுனியில் அமையாமல் கீழ்ப்புறத்தில் அமைவதும் இருநூறு முந்நூறு ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு உண்டு. அதைச் செப்பனிட நுனித்தோலே தேவைப்படும் என்பதால், அத்தகைய குழந்தைக்கு அறுவை மருத்துவர் பார்க்கும்வரை சுன்னத்துச் செய்யலாகாது.

இந்த வரிசையில் ஒன்று மட்டும் மணிக்கணக்கைப் பொறுத்தது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுச் சிறுவனுக்கு, பெரும்பாலும் தூக்கத்திலோ விளையாட்டிற்குப் பின்போ, விதைப்பையில் திடீரென்று கடும் வலி வருகிறது; வாந்தியும் வரலாம். விதை தன் தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள். ஆறு மணி நேரத்திற்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் பிழைக்கும். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் அகற்ற நேரிடும். அந்தச் சிறுவன் என்ன செய்வான்? இரவு இரண்டு மணிக்கு அம்மாவை எழுப்பி எதைச் சொல்வான்? “வயிற்று வலி” என்பான். அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பார். விடிந்துவிடும். இங்கே கருவி தவறவில்லை, மருந்து தவறவில்லை. ஒரு சொல் வாயிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். விடுதியில் தங்கியிருக்கும் நண்பர்களும், வீட்டில் தம்பி உள்ளவர்களும் இந்தப் பத்தியை மட்டுமாவது கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

என் கருத்துக்கு எதிராக வரக்கூடிய நியாயமான ஒரு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் பேசத் தொடங்கினால் எல்லாவற்றிற்கும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தேவையற்ற சோதனையும் கத்தியும் வந்து சேரும் என்பார்கள். உண்மையே. ஆனால் பேச்சைக் குறைத்தால் அது தீராது. அறிவை வளர்த்தால்தான் தீரும். 1949இல் கெய்ர்ட்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு நால்வருக்கே நுனித்தோல் பின்வாங்கும், மூன்று வயதிற்குள் பெரும்பாலோருக்குத் தானே பிரிந்துவிடும் என்று காட்டினார். அதை அறியாத வீட்டில்தான் குளிப்பாட்டும்போது பலவந்தமாக இழுத்துப் புண்ணாக்குகிறார்கள். கருவில் சிறுநீரகம் சற்று வீங்கித் தெரிவதும் பெரும்பாலும் பிறந்தபின் தானே மறையும். பின்னோட்டம் உள்ள 607 பிள்ளைகளை அமெரிக்காவில் ஈராண்டுகள் கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சிறிதளவு கிருமிக்கொல்லி கொடுத்ததால் தொற்று மீண்டும் வருவது பாதியாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத்தில் தழும்பு விழுவது குறையவில்லை. ஆகவே யாருக்கு மருந்து, யாருக்குக் காத்திருப்பு என்பது இன்றும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எடைபோடும் முடிவு. எடைபோட வேண்டுமானால் தராசில் முதலில் வைக்க ஏதாவது வேண்டுமன்றோ?

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் சிற்றூர் முகாமுக்குச் செல்கிறார்கள். சாலை செப்பனிடுகிறார்கள், கருவேல முள்ளை வெட்டுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். கன்று ஆடு தின்றுவிடுகிறது; முள் மறுமழைக்கு முளைத்துவிடுகிறது. வரும் முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குமாறு திட்ட அலுவலரை இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வட்டார மருத்துவ அலுவலரிடம் முன்பே சொல்லி ஒரு செவிலியரை உடன் அழைத்துக்கொள்ளலாம். மாணவியர் தாய்மாரிடம் பேசட்டும். மாணவர் உயர்நிலைப் பள்ளிச் சிறுவர்களிடம் பேசட்டும். பிள்ளைக்குக் காரணமில்லாத காய்ச்சல் அடிக்கடி வருகிறதா, மகனுக்குத் தாரை பாய்கிறதா, இரு விதைகளும் கைக்குத் தட்டுப்படுகின்றனவா, பள்ளியில் தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. பள்ளிக் கழிப்பறைப் பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதி வாங்கி வரலாம்.

“இது மருத்துவ மாணவர் வேலையப்பா” என்று என் பேராசிரியர் ஒருவர் அன்போடு சொன்னார். அவர்கள் நம் ஊருக்கு வரும்போது பிள்ளை படுக்கையில் இருக்கும். நாம் அந்த ஊரிலேயே இருக்கிறோம். முகாம் தேதி வழக்கம்போல் அரையாண்டு விடுமுறையில் வருமானால், பெயர் கொடுக்க விரும்புவோர் விலங்கியல் துறையில் என்னைப் பார்க்கலாம். இதுவரை ஏழு பேர் கொடுத்திருக்கிறார்கள்; அவர்களில் மூவர் மாணவியர்.